தெருவும் தேறாத படங்களும்

கேள்வி: தினமும் மாலையில் கேமராவும் கையுமாகத் தெருத்தெருவாக அலைகிறேன். நூறு படம் எடுத்தால் ஒன்றுகூடத் தேறுவதில்லையே, என்ன செய்ய?
– வாசகர், திருச்சி

பதில்: நூற்றுக்கு ஒன்றா? பேராசைதான்! நியூயார்க் தெருக்களைச் சுட்டுத் தள்ளிய கேரி வினோகிராண்ட் 1984-இல் இறந்தபோது, டெவலப் செய்யாத ஃபிலிம் சுருள் மட்டுமே சுமார் 2,500 கிடந்தது. எடுத்த படத்தை அவர் உடனே பார்க்க மாட்டார், வேண்டுமென்றே ஆறப்போடுவார். எடுத்தபோது இருந்த குஷி அடங்கினால்தான் படத்தின் யோக்கியதை தெரியும் என்பது அவர் கட்சி. நீங்களோ வீடு போய்ச் சேருவதற்குள் ஸ்டேட்டஸில் ஏற்றிவிடுகிறீர்கள்.

முதலில் அலைவதை நிறுத்துங்கள். காந்தி மார்க்கெட்டில் சாய்வெயில் விழுகிற ஒரு மூலையைப் பிடித்து, தினமும் அங்கேயே நில்லுங்கள். பூக்காரம்மா எப்போது தண்ணீர் தெளிப்பார், அந்தத் துளிகளில் எந்தப் பக்கமிருந்து வெயில் படும் என்பதெல்லாம் நாளடைவில் அத்துப்படியாகிவிடும். அவர் சொம்பை எடுக்கும்போதே உங்கள் விரல் பட்டனுக்குப் போய்விடும். பழக்கம் என்றால் அதுதான்.

லென்ஸையும் மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 28 எம்.எம். லென்ஸ், எஃப் 8, ஃபோகஸ் 3 மீட்டர் என்று வைத்துவிட்டால், 2 மீட்டருக்கு அப்பால் தெருக்கோடிவரை ஓரளவு தெளிவாகவே விழும். கேமரா ஃபோகஸ் தேடி முடிப்பதற்குள் ஆள் டீ குடித்துவிட்டுப் போயே விடுவார்!

யாராவது, "எதுக்குப்பா என்னை எடுக்கிறே?" என்று கேட்டால் ஓடாதீர்கள். சிரித்துக்கொண்டே படத்தைக் காட்டுங்கள். அழிக்கச் சொன்னால் அழித்துவிடுங்கள். எப்படியும் தேறாத படம்தானே!