அம்மா உத்தரவில்லாமல் உதை இல்லை

ஹாங்காங் படத்தில் குருவைக் கொன்றவனைத் தேடிச் சீடன் கிளம்புவான். ஜப்பான் படத்தில் மானம் போய்விட்டதென்று வாளை உருவுவார்கள். ஹைதராபாத்தில் எடுக்கிற சண்டைப் படத்தில் ஒருவன் காலைத் தூக்க வேண்டுமென்றால், அதற்கு முன் அவன் அம்மா அழ வேண்டும். அம்மாவுக்குத் தோதுப்படாவிட்டால் தங்கை அழலாம். தங்கையும் இல்லையா, ஆஸ்பத்திரிக் கட்டிலில் தலையில் கட்டோடு அண்ணன் கிடக்க வேண்டும். இப்படிக் குடும்பத்தில் யாராவது ஒருவர் கையெழுத்துப் போடாமல் இந்த ஊரில் ஒரு வில்லன் பல்லும் உதிர்ந்ததில்லை.

சந்தேகம் இருந்தால் 2025-இல் வந்த ‘அர்ஜுன் சன் ஆஃப் வைஜயந்தி’ படத்தின் பெயரையே பாருங்கள். அம்மா விஜயசாந்தி, ஐ.பி.எஸ். அதிகாரி. மகன் கல்யாண் ராம், சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டவர். விசாகப்பட்டினத்தில் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஊரில் உள்ள ரௌடிகளெல்லாம் மகனைப் பார்த்து நடுங்க, மகனோ அம்மா ஒரு வார்த்தை பேசமாட்டாளா என்று ஏங்குகிறார். பக்கத்து இருக்கையில் என் மனைவி மெல்லச் சொன்னாள்: “இந்தப் பையன் இருபது பேரை அடிக்கிற நேரத்தில் ஒரு தடவை வீட்டுக்குப் போய் சாப்பிட்டிருந்தால் படம் இடைவேளையிலேயே முடிந்திருக்கும்.” விமர்சனம் எழுதிப் பிழைக்கிற யாரும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

அந்த வைஜயந்தி என்ற பெயருக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1990-இல் ‘கர்தவ்யம்’ படத்தில் விஜயசாந்திக்கு அதே பெயர். கிரண் பேடியை மனத்தில் வைத்து உண்டாக்கிய பாத்திரம். சிறந்த நடிகைக்கான தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. படம் ‘வைஜயந்தி ஐ.பி.எஸ்.’ என்று தமிழ் பேசிக்கொண்டு நம்மூருக்கு வந்து சக்கைப்போடு போட்டது. சேலையில் சாந்தமாக வந்த அம்மணி காக்கிக்கு மாறிக் காலைச் சுழற்றியதும் கொட்டகை முழுக்க விசில். மெட்ராஸில் பிறந்த பெண் அவர். பாரதிராஜா நடித்த ‘கல்லுக்குள் ஈரம்’ (1980) படத்தில்தான் முதலில் முகம் காட்டினார். ஆக, நாம் பாவாடை தாவணியில் அனுப்பி வைத்த பெண்ணை அவர்கள் லத்தியோடு திருப்பி அனுப்பினார்கள்.

இந்தப் போக்குவரத்து ஒரு வழி அல்ல என்பதால்தான் எனக்கு இதில் இவ்வளவு சுவாரஸ்யம். ‘அங்குசம்’ (1989) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் ‘இதுதாண்டா போலீஸ்’. கோடி ராமகிருஷ்ணா இயக்கியது. விறைப்பான இன்ஸ்பெக்டராக வந்த ராஜசேகர் நம்ம தேனிப் பக்கத்துக்காரர், எம்.பி.பி.எஸ். படித்த டாக்டர். அவரும் பாரதிராஜாவின் ‘புதுமைப் பெண்’ (1984) வழியாக வந்தவர்தான். தமிழ் பேசி வளர்ந்தவர் தெலுங்கில் கர்ஜிக்க வேண்டும் என்பதால், கர்ஜனையைச் சாய்குமாரிடம் ஒப்படைத்தார்கள். மீசை தேனியிலிருந்து, தொண்டை வேறொருவரிடமிருந்து. பிறகு அந்தப் படமே தமிழுக்கு மாற்றப்பட்டுத் தேனித் தியேட்டரில் ஓடியபோது, சொந்த ஊர்க்காரர்கள் தங்கள் பையனை ‘தெலுங்கு ஹீரோ’ என்று கைதட்டியிருப்பார்கள். சாய்குமாருக்கும் கடைசியில் நியாயம் கிடைத்தது. அத்தனை வருடம் மற்றவர் காக்கிக்குக் குரல் கொடுத்தவருக்கு, 1996-இல் ‘போலீஸ் ஸ்டோரி’யில் சொந்தமாக ஒரு காக்கி தைத்துக் கொடுத்தார்கள். ஆனால் கன்னடத்தில்!

‘அங்குசம்’ படத்தில் மனைவியாக வந்தவர் ஜீவிதா. 1991-இல் நிஜத்திலும் ராஜசேகருக்கு மனைவியானார். போலீஸ் படத்துக்குள் குடும்பப் படம் எவ்வளவு தூரம் புகுந்துவிடும் என்பதற்கு இதற்கு மேல் அத்தாட்சி வேண்டாம்.

நாங்கள் இருப்பது ஹைதராபாத் பத்மாராவ் நகரில், ஸ்கந்தகிரி முருகன் கோயிலுக்குப் பக்கம். எதிர் வீட்டில் ஓய்வுபெற்ற ஹெட் கான்ஸ்டபிள் ஒருவர். நான் அவரைப் ‘பாபாய்’ என்பேன், அவர் மனைவியைப் ‘பின்னி’. தெலுங்கில் சித்தப்பா, சித்தி. போலீஸ் படம் எந்தச் சேனலில் ஓடினாலும் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்வார். ரசிப்பதற்கு அல்ல, குற்றம் கண்டுபிடிக்க. ‘அங்குச’த்தில் இன்ஸ்பெக்டர் வில்லனைத் தெருத்தெருவாக இழுத்துக்கொண்டு போகிறார். வில்லன் ராமி ரெட்டி. இதே ஹைதராபாத்தில் பத்திரிகையாளராக இருந்துவிட்டு, ஒரே படத்தில் ஊரை நடுங்க வைத்தவர். காட்சியைப் பார்க்க எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. பாபாய் கேட்கிறார்: “இந்த ஊர்வலத்துக்குப் பந்தோபஸ்து யார் கொடுத்தது? ஜி.டி.யில் எழுதினானா?”

ஜி.டி. என்றால் ஸ்டேஷனில் இருக்கும் ஜெனரல் டைரி. யார் எத்தனை மணிக்கு எதற்காக வெளியே போனார், எப்போது திரும்பினார் என்று எல்லாம் அதில் ஏற வேண்டும். பாபாய் தன் சர்வீஸில் பாதியை அதில் எழுதியே கழித்தாராம். சினிமா போலீஸ் பேனா பிடித்து நான் பார்த்ததில்லை. ராஜினாமாக் கடிதம் மட்டும் விதிவிலக்கு. அதையும் டிஜிபி மேஜையில் வீசுவதற்காகத்தான் எழுதுகிறார்கள்.

“நீங்கள் யாரையும் உதைத்ததே இல்லையா, பாபாய்?”

“கயிறு பிடித்திருக்கிறேன்” என்றார் பெருமையாக. கைரதாபாத் கணேசரை ஹுசைன் சாகரில் கரைக்க எடுத்துப் போகும்போது கூட்டத்தைக் கயிற்றால் தள்ளி நிறுத்தும் ரோப் பார்ட்டியில் வருடா வருடம் அவருக்கு இடம் உண்டாம். விடிகாலை தொடங்கினால் சோறு தண்ணீர் பார்க்க முடியாது. பின்னால் லட்சம் பேர் தள்ள, முன்னால் பிள்ளையார் நகர மறுக்க, நடுவில் பாபாய். உள்ளங்கைகளை விரித்துக் காட்டினார். இன்னும் தடிப்பு இருந்தது. “ஒரு உதையும் கிடையாது. ஆனால் எந்த ஹீரோ லட்சம் பேரை ஒரே நேரத்தில் நிறுத்தியிருக்கிறான் சொல்லு.” இதைச் சொல்லிவிட்டு, இரண்டாவது டீ கிடைக்குமா என்று சமையலறைப் பக்கம் பார்த்தார். கேட்கவில்லை, பார்த்தார். லட்சம் பேரை நிறுத்தியவருக்கு அவ்வளவுதான் அதிகாரம்.

தற்காப்புக் கலைக்கு வருவோம். 1999-இல் பவன் கல்யாண் நடித்த ‘தம்முடு’. ஊதாரித் தம்பி, வீட்டை விட்டு விரட்டும் அப்பா, கிக்பாக்ஸிங் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்த நல்ல அண்ணனை எதிரிகள் அடித்துப் போட, தம்பி திருந்திக் கிக்பாக்ஸிங் மேடை ஏறுகிறான். கதையில் ஆமிர் கானின் ‘ஜோ ஜீத்தா வோஹி சிகந்தர்’ சாயல் நிறைய உண்டு. அங்கே சைக்கிள் ரேஸ். ஹைதராபாத்துக்கு வந்ததும் சைக்கிளை ஓரம் கட்டிவிட்டு உதையை வைத்தார்கள். அண்ணனுக்காக ஒருவன் பெடல் மிதிப்பதை எந்தத் தெலுங்கு ரசிகன் ஏற்பான்?

2001-இல் அதையே அதே இயக்குநர் அருண் பிரசாத் தமிழில் ‘பத்ரி’யாக எடுத்தார், விஜய்யை வைத்து. பயிற்சிப் பாட்டில் விரல்மேல் கார் ஏற்றிக்கொண்டார்கள். இரண்டு மொழியிலும் விரல் தப்பியது. அதில் விஜய்க்குச் சொல்லிக்கொடுக்கும் மாஸ்டராக வந்தவர் ஷிஹான் ஹுசைனி. இந்த இடத்தில்தான் வேடிக்கை. தெலுங்கில் விஜய்யின் வேடத்தைப் போட்ட பவன் கல்யாண் நிஜ வாழ்க்கையில் கராத்தே கற்றதே சென்னையில், இதே ஹுசைனியிடம்! நம்மூர் உதை ரயிலேறி ஹைதராபாத் போய், அங்கே அப்பா, அண்ணன், காதலி எல்லோரையும் சேர்த்துக்கொண்டு ஒரு குடும்பமாகத் திரும்பி வந்து, பழைய வாத்தியார் முன்னாலேயே நின்றது. பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் பேரன் பேத்தியோடு வருவதில்லையா, அப்படி. ஹுசைனி 2025 மார்ச்சில் காலமானார். சீடர்களில் ஒருவர் அப்போது ஆந்திராவின் துணை முதல்வர். இன்னொருவர் சொந்தக் கட்சி தொடங்கியிருந்தார். எந்த அரசியல் பள்ளியும் இப்படி ரிசல்ட் காட்டியதில்லை.

குடும்பமும் உதையும் சரிபாதியாகக் கலந்த படம் என்றால் பூரி ஜகந்நாத்தின் ‘அம்மா நான்னா ஓ தமிழ அம்மாயி’ (2003)தான். ரவி தேஜா கிக்பாக்ஸர். தனியே வளர்த்த அம்மா ஜெயசுதா. எப்போதோ விட்டுப்போன அப்பா பிரகாஷ்ராஜ், அவரும் கிக்பாக்ஸிங் ஆசாமி. அம்மா சாகும்போது அப்பாவிடம் போகச் சொல்கிறாள். மகன் போகிறான், முறைக்கிறான், கடைசியில் அப்பாவின் குடும்ப மானத்துக்காக ரிங்கில் இறங்குகிறான். விவாகரத்துக் கோர்ட்டில் இருபது வருடம் இழுக்கும் சமாச்சாரத்தை மூன்று ரவுண்டில் முடித்துவிடுகிறார்கள். அடுத்த வருடமே ஜெயம் ரவியும் நதியாவும் நடித்து ‘எம். குமரன் சன் ஆஃப் மகாலட்சுமி’யாகத் தமிழுக்கு வந்தது. நம் இயக்குநர் ராஜா அப்பாவை விசாகப்பட்டினத்திலிருந்து கிளப்பி மலேசியாவில் குடிவைத்தார். அப்பா மேல் வருத்தம் கூடக் கூட அவரை இன்னும் தொலைவில் வைப்பது நியாயம்தானே?

இரண்டிலும் கதாநாயகி அசின். கொச்சிப் பெண். தெலுங்கில் அவர் தமிழ்ப் பெண், தமிழில் மலையாளப் பெண். ஹைதராபாத்தில் இருக்கும் தமிழனாக எனக்கு இதில் சொந்த நஷ்டம் உண்டு: படம் வந்த புதிதில் எங்கள் வீட்டுக்கு வந்த தெலுங்கு நண்பர்கள் என் மனைவியிடம், “தமிழ அம்மாயி இப்படியா இருப்பாள்?” என்ற முகத்தோடு காபி வாங்கிக் குடித்தார்கள். அவள் அந்த டம்ளர்களைச் சற்று ஓசையோடு கழுவினாள்.

நிஜத்தில் குடும்பமும் உதையும் சேர்ந்த இந்தக் கலவை எப்படி நடக்கும் என்பதை எங்கள் அபார்ட்மெண்ட் செல்லாரில் பார்க்கலாம். கார் நிறுத்தும் இடம்தான், மாலையில் கராத்தே வகுப்பாகிவிடும். பாபாயின் பேரனுக்குப் பெல்ட் டெஸ்ட். வெள்ளை உடுப்பு, புதுக் கஞ்சி மொடமொடப்பு. தரையில் இரண்டு செங்கல் நிறுத்தி மேலே ஒரு மங்களூர் ஓடு. மாஸ்டர் தலையசைக்க, பையன் மூச்சை இழுத்து, ‘கியாய்’ என்று கத்துவதற்கு வாயைத் திறந்தான். திறந்த வாயில் பின்னி பாதி நெய் உருண்டையைத் திணித்துவிட்டார். “பள்ளிக்கூடத்திலிருந்து வந்து ஒன்றும் சாப்பிடவில்லை, மாஸ்டர். வெறும் வயிற்றில் ஓடு எப்படி உடையும்?” மாஸ்டர் மூன்றாம் டிகிரி கறுப்புப் பெல்ட். பின்னியின் முன்னால் வெறும் பெல்ட். உருண்டையை மென்று முடிக்கும்வரை தேர்வை நிறுத்தி வைத்தார். ஓடு உடைந்தது. கைக்குத் தேங்காயெண்ணெய் தயாராக இருந்தது.

இந்த ஊர்ப் போலீஸும் கடைசியில் சினிமாவிடம்தான் பாடம் படித்தது என்று எனக்கு ஒரு சந்தேகம். 2014-இல் ஷீ டீம்ஸ் தொடங்கினார்கள். பெண் போலீஸார் சாதாரண உடையில் பஸ் ஸ்டாப்பில் நிற்பார்கள். பெண்களிடம் வாலாட்டுகிறவனை வீடியோவோடு பிடிப்பார்கள். கேட்டதும் விஜயசாந்தி பாணியில் பறந்து உதைப்பார்கள் என்று ஆசையாக இருந்தேன். அவர்கள் செய்வது அதைவிடக் கொடூரம்: அம்மா அப்பாவைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கவுன்சலிங். குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவர்களுக்கும் டிராஃபிக் பயிற்சி நிலையத்தில் இதே வைத்தியம், குடும்பத்தோடு வர வேண்டும்.

என் அலுவலகத்துப் பையன் ஒருவன் அப்படிச் சிக்கினான். பாபாயிடம் சிபாரிசு கேட்டு வந்தான். அபராதம் கட்டத் தயார், இரண்டு நாள் உள்ளே இருக்கவும் தயார், ஆனால் மிரியாலகூடாவிலிருந்து அம்மாவை வரவழைப்பது மட்டும் ஆகாது என்றான். பாபாய் கையை விரித்தார். பையன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கிருஷ்ணா நகரில் ஜூனியர் ஆர்ட்டிஸ்டுகள் இருக்கிறார்களே, ஒரு அம்மாவை ஒரு நாளைக்குப் பேசிக் கூட்டிப்போனால் என்ன, எவ்வளவு கேட்பார்கள் என்று என்னிடம் கிசுகிசுத்தான்.

சமையலறையிலிருந்து பின்னியின் குரல் வந்தது. “அழுகையோடா, அழுகை இல்லாமலா?”