மெஷின் பார்க்கப் போற மருமகனுக்கு

என்ன மருமகனே, பொதிகையில டிக்கெட் போட்டாச்சாமே! நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துல டி.டி.பி., அச்சு, வீடியோன்னு எல்லாத்துக்கும் சேர்த்துக் கண்காட்சியாம், புது மெஷின் பார்த்துட்டு வரப் போறியாம். போயிட்டு வா ராசா. சிவகாசிக்காரன் மெட்ராஸ் போனா மெஷின் பார்க்காம மெரினாவா பார்ப்பான்? ஆனா ஒண்ணு, ஈய எழுத்தைத் தலைகீழாப் படிச்சே பழகின கம்பாசிட்டர் கண்ணு எனக்கு. அந்தக் கண்ணுக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். கேக்கிறதும் கேக்காததும் உன் பிரியம்.

வாசல்லயே போன் நம்பர் கேப்பான். தயங்காம எழுது, உன் சின்ன மாமனார் நம்பரை. மனுசன் ரிட்டயர் ஆனதுல இருந்து பேச ஆளில்லாமத் தவிக்கிறார். டோனர் விக்கிறவன், லேமினேஷன் மெஷின் விக்கிறவன், லோன் குடுக்கிறவன்னு விடிஞ்சதுல இருந்து அவரைக் கூப்பிட்டு நலம் விசாரிப்பான். அந்தப் புண்ணியம் உனக்குச் சேரட்டும்.

கண்காட்சியில யாருக்கு லாபம்னு கேக்கிறியா? அமெரிக்காவுல லாஸ் வேகாஸ்ல 1979-ல காம்டெக்ஸ்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. உலகத்துக் கம்ப்யூட்டர் கம்பெனியெல்லாம் அங்கதான் கடை விரிச்சுது. ஆரம்பிச்சவங்கள்ல முக்கியமான ஆளு ஷெல்டன் அடெல்சன். அவர் கம்ப்யூட்டர் ஒண்ணும் செய்யல. கடை போட வந்தவங்களுக்குத் தரையை வாடகைக்கு விட்டார், அவ்வளவுதான். 1995-ல அந்தக் கண்காட்சியை ஜப்பான்கார சாஃப்ட்பேங்க் கம்பெனிக்கு 80 கோடி டாலருக்கு மேல வித்துட்டு, 1999-ல அதே ஊர்ல வெனீஷியன்னு பிரம்மாண்டமா ஒரு சூதாட்ட விடுதி திறந்தார். காம்டெக்ஸ் 2003-ஓட நின்னுபோச்சு, விடுதி இன்னும் நடக்குது. மனுசன் தொழிலை மாத்திட்டார்னு நினைக்காத. ஏ.சி. போட்டு, விளக்கைப் போட்டு, உள்ள வந்தவன் பையைத் தானே திறக்க வைக்கிற தொழில்தான் ரெண்டும்.

எனக்கு மெஷின்மேல கோவம்னு நினைக்காத. 1985-ல ஆப்பிள்காரன் மேக், அவனோட லேசர்ரைட்டர், ஆல்டஸ் கம்பெனி பேஜ்மேக்கர்னு மூணும் கூடினப்பவே என் வேலைக்கு நாள் குறிச்சாச்சு. சிவகாசிக்குச் சேதி வரத்தான் கொஞ்ச வருசம் பிடிச்சுது. சேதி வந்ததும் ஈய எழுத்தையெல்லாம் எடைக்குப் போட்டோம். போட்டதுல கொஞ்சம் காசாவது வந்துச்சு. நீ வாங்கப் போறதை எடைக்குப் போட முடியுமான்னு யோசி.

ஏன் சொல்றேன்னா, இப்ப சாப்ட்வேரை எவன் விக்கிறான்? அடோபி கம்பெனி 1994-ல ஆல்டஸை விழுங்குச்சு. 2001-ல வந்த ஏழாம் பேஜ்மேக்கரோட அதுக்குக் கதை முடிஞ்சுது. உன் கடைப் பழைய பெட்டியில இன்னமும் ஓடுதே, அதேதான். காசு குடுத்து வாங்கிச் சொந்தமா வச்சுக்கிற மாதிரி அவங்க விட்ட கடைசிக் கட்டு 2012-ல வந்த சி.எஸ்.6. அடுத்த வருசத்துல இருந்து புதுசு வேணும்னா வாடகைதான். வாடகை வீட்டுல என்ன நடக்கும்? 2022-ல பான்டோன் கம்பெனிக்கும் அவங்களுக்கும் கணக்கு ஒத்துவரல. நிறைய பேர் பழைய ஃபைலைத் திறந்து பார்த்தா, பான்டோன் வண்ணம் இருந்த இடமெல்லாம் கறுப்பு! நீ போட்ட ஃபைல், நீ போட்ட கலரு, அதுக்குத் தனியா மாசக் காசு. 2023-ல டைப் 1 ஃபான்ட்டுக்கும் கதவைச் சாத்திட்டாங்க. அதனால மெஷினுக்கு விலை கேக்கிறப்பவே அதோட ஓடுற சாப்ட்வேருக்கு வாடகை எவ்வளவுன்னும் கேளு. டை கட்டின தம்பி “அதை அப்புறம் பேசலாம் சார்”னு சொன்னா, அந்த ஸ்டாலுக்கு நீயும் அப்புறமே போ.

சரி, எப்படிப் பார்க்கணும்? மாட்டுத்தாவணியில கொம்புக்கு வர்ணம் பூசின காளையைப் பார்த்து நம்ம ஆளு மயங்குவானா? கலப்பையில பூட்டிப் பார்க்கணும்பான். நீயும் உன் கலப்பையைக் கையோட கொண்டு போ. அவன் பெரிய திரையில ஒரு பஞ்சவர்ணக் கிளி பறக்கும், ஒரு அருவி மெதுவா விழும். உன் கடைக்கு என்னைக்காவது கிளி கல்யாணம் வந்திருக்கா? போன முகூர்த்தத்துல எடுத்ததைப் பென் டிரைவ்ல போட்டுக்க. ஓமப் புகை, ஒரு பக்கம் டியூப் லைட்டு, மறு பக்கம் செவப்பு எல்.இ.டி., நடுவுல தாலி கட்டுற நேரத்துல குறுக்க வந்து நின்ன தாய்மாமன், எல்லாம் இருக்கட்டும். “தம்பி, இதை ஓட்டுங்க”ன்னு சொல்லு. அவன் வச்சிருக்கிறது மெஷினுக்கு ஏத்தபடி முன்னாடியே மாத்தி வச்ச ஃபைல். உன் கேமரா தர்ற எச்.265 ஃபைலைப் போட்டா அந்த ராஜா மெஷினும் விக்கி விக்கி ஓடலாம். மாத்தித்தான் ஓட்டணும்பான். மாத்து, யார் வேணாம்னா? 4கே படத்தை ப்ரோரெஸ் எச்.க்யூ.வா மாத்தினா ஒரு மணி நேரத்துக்கே 300 ஜி.பி.க்கு மேல போகும். நம்ம ஊர்க் கல்யாணம் எத்தனை மணி நேரம்? மாப்பிள்ளை அழைப்புல இருந்து மறுவீடு வரைக்கும் கணக்குப் போடு. ஹார்டு டிஸ்க் விக்கிற ஸ்டால் பக்கத்துலயே ஏன் இருக்குன்னு அப்பத் தெரியும்.

டி.டி.பி. ஸ்டாலுக்குப் போனா பெருசா ஒண்ணும் கேக்காத. “கொய்யா கொழுந்து”ன்னு ரெண்டு வார்த்தை தமிழ்ல அடிக்கச் சொல்லு. கொம்பு போய்க் ‘க’வுக்குப் பின்னாடி நின்னுச்சுன்னா, அந்தத் தம்பி இன்டிசைன்ல வேர்ல்டு ரெடி கம்போசரை மாத்தி வைக்கலேன்னு அர்த்தம். பாமினி ஃபான்ட்ல போட்ட உன் பழைய பத்திரிகை ஒண்ணையும் நீட்டு. அது அங்க பூச்சி பூச்சியா வந்து விழுந்தா, உன் பத்து வருசத்துப் பழைய ஃபைல்களை யார் மாத்துவான்னு கேளு. ஏ.ஐ. பட்டனைத் தட்டினா அழைப்பிதழ் தானா வந்து நிக்கும்பான். பொண்ணு பேரைத் தமிழ்ல போட்டுக் காட்டச் சொல்லிட்டு, சொந்தக்காரன் கண்ணால படிச்சுப் பாரு.

திரையில ஜொலிக்கிற மயில் பச்சையும் மயங்க வைக்கும். அது வெளிச்சத்தால ஆன பச்சை. பேப்பர்ல நாலு மையால அந்தப் பச்சை பிறக்காது. பட்டுப்புடவைக்காரி வந்து சண்டை போடுறப்ப ஸ்டால்காரன் வர மாட்டான். நம்ம பேப்பரைக் கொண்டு போய் அதுலயே புரூஃப் எடு. டிஜிட்டல் பிரஸ்ஸுன்னா கிளிக் சார்ஜைக் கேக்காம நகராத. மெஷின் வாங்கினது ஒரு தடவைதான், கிளிக்குக்குக் காசு ஷீட்டு விழ விழக் கட்டணும்.

வாங்கியே தீரணும்னா கடைசி நாள் சாயங்காலம் போ. திருப்பி லாரி ஏத்துற கூலியை நினைச்சா டெமோ மெஷினுக்கு விலை தானா இறங்கும். அதுக்கும் முன்னாடி, போன வருசம் எந்த வேலையை “நம்மகிட்ட ஆகாது”ன்னு திருப்பி அனுப்பினேன்னு ஒரு தாள்ல எழுது. அந்த வேலையைச் செய்யுற மெஷினை மட்டும் பாரு. தாள் வெள்ளையாவே இருந்துச்சுன்னா உன் மெஷின் நல்லாத்தான் இருக்கு, உனக்குத்தான் ஊர் சுத்த ஆசை. அதுவும் தப்பில்ல. சுத்திட்டு, அங்க சும்மா குடுக்கிற துணிப் பையில நல்லதா ரெண்டு வாங்கிட்டு வா. ரேஷன் கடைக்கு ஆகும்.