கன்னிமாரா நூலகப் பட அட்டையில் வாசகர் இன்மை: ஒரு முதற்கட்ட ஆய்வு

ஆய்வுப் பொருள்: சென்னை எழும்பூர் கன்னிமாரா பொது நூலகத்தின் பழைய வண்ணப் பட அட்டை ஒன்று. திருவல்லிக்கேணி நடைபாதையில் பேரம் பேசி வாங்கியது.

பெயரைக் கேட்டு ஏழு கன்னிமாருக்கு எழுப்பிய கோயில் என்று கும்பிட வருவோரை முதலில் விலக்கிவிடுவோம். அயர்லாந்துப் பகுதி ஒன்றின் பெயரைப் பட்டமாகச் சூடிய ஆளுநர் கன்னிமாரா பிரபு 1890இல் அடிக்கல் நாட்ட, ஹென்றி இர்வின் வடிவமைக்க, 1896 டிசம்பர் 5இல் திறந்த கட்டடம் அது.

அட்டையில் கட்டடம் இருக்கிறது. சென்னை ஒருநாளும் பார்த்திராத நீலத்தில் வானம் இருக்கிறது. (அந்நாளில் பல அட்டைகள் ஜெர்மனியில் அச்சாகி வந்தன, வண்ணம் தீட்டியவர் நம் சித்திரை வெயிலில் நின்றவரல்லர்.) ஒரு ஜட்கா வண்டியும் நிற்கிறது. வாசகர் மட்டும் ஒருவர்கூட இல்லை.

அக்காலக் காமிராவில் நடமாடுகிறவர் சரியாகப் பதியமாட்டார் என்பது முதல் கருதுகோள். அப்படியானால் குதிரை மட்டும் எப்படிப் பதிந்தது என்று கேட்கலாம். கேட்பவர் ஜட்கா ஏறியதில்லை என்று பொருள்.

எல்லாரும் உள்ளே அமர்ந்து படித்துக்கொண்டிருந்தனர் என்பது இரண்டாவது. இதை மறுக்க எஸ். ஆர். ரங்கநாதன் போதும். கணக்கு வாத்தியாராக இருந்தவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். அந்த நூலகமும் அன்று இதே கட்டடத்தில்தான் இருந்தது. சில நாளிலேயே தனிமை தாங்காமல் வகுப்பறைக்கே திரும்பிவிடத் துடித்தார். ஆளரவம் இருந்த இடமானால் துடித்திருப்பாரா?

நூல்களை வகைப்படுத்த 1933இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்புமுறை பின்னாளில் ஐந்து கூறுகளாக விரிந்தது. அவற்றை அட்டைக்குப் பொருத்திப் பார்த்தேன். பொருள்: தாள். ஆற்றல்: மேற்படி குதிரை. இடம்: பாந்தியன் சாலை. காலம்: தபால் முத்திரையின் மை கலைந்து ஒரு கறை. ஆளுமை: காலி.

எனவே பின்பக்கத்தைப் புரட்டினேன். ‘உபயகுசலோபரி. மாங்காய் கிடைத்தது. பெரிய ஜாடி விரிசல் விட்டிருக்கிறது, உப்பை அதில் போட வேண்டாம்.’ நூலகம் பற்றி ஒரு சொல் இல்லை. அனுப்பியவர் உள்ளே போகவில்லை. ஊரில் இருப்பவர்களுக்குத் தாம் போனதாகத் தோன்றினால் போதும் என்றிருந்திருக்கிறார். அவரைக் குறை சொல்லும் தகுதி இந்த ஆய்வாளனுக்கு இல்லை. கல்லூரி நாட்களில் அந்த வாசலில் நான் செலவிட்ட நேரத்தில் பெரும்பகுதி டீக்கடையைச் சேர்ந்தது.

அட்டையை நேரில் காட்டும்படி அறிஞர்கள் கேட்கக்கூடும். கன்னிமாராவிலேயே இரவல் வாங்கிய ஒரு புத்தகத்தில் பக்க அடையாளமாக அதைச் செருகி, அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டேன். எந்தப் புத்தகம் என்பது நினைவில்லை. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி அங்கே வந்து சேரவேண்டும். தேடிக்கொண்டிருக்கிறேன், அவர்கள் அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.