ஒரு தூண் தள்ளி

1986-இல் அளவு வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குக் கிடைத்த முதல் பொறுப்பு, துணி டேப்பின் ஜீரோ முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பது. மறுமுனையில் செயின்மேன் அண்ணன். சங்கிலி போய் டேப் வந்து வருஷங்கள் ஆகியும் அவர் பதவி மட்டும் செயின்மேன்தான். ஒரு கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்தை ஐந்து நாள் அளந்தோம். அவர் தூணுக்குத் தூண் அளவைக் கத்துவார், நான் ஃபீல்டு புக்கில் எழுதுவேன். மேலே வவ்வால்கள் சரிபார்க்கும்.

அண்ணனுக்கு ஒரு கிறுக்கு உண்டு. அளக்கும் முன்னால் அரை நாள் குறி வைப்பார். மண்தரை என்றால் சோடா மூடியில் ஆணி கோத்து அடிப்பார். கல் என்றால் உளியால் ஒரு சின்னக் கூட்டல் குறி, யார் காலும் படாத மூலையில். இன்று கோயில் கல்லில் உளி வைத்தால் செய்தித்தாளில் பெயர் வரும். அன்று அர்ச்சகரே உளி எடுத்துக் கொடுத்தார்.

"மூணு குறி போதாதாண்ணே?"

"மூணு வேலைக்கு. நாலாவது, அந்த மூணும் பொய் சொல்லாமப் பாத்துக்கறதுக்கு. அடி தம்பி."

சென்ற ஆண்டு அதே மண்டபத்துக்கு லேசர் ஸ்கேனரோடு போனேன். நொடிக்குப் பத்து லட்சம் புள்ளி எடுக்கும் பெட்டி. அந்தக் காலத்தில் நாட்டை அளந்த லாம்டன் துரையின் தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவி அரை டன். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் உச்சிக்கு ஏற்றும்போது மோதி நசுங்கியதை அவரே உட்கார்ந்து சரிசெய்தார். எங்கள் பெட்டி ஐந்தாறு கிலோதான். ஆனால் கோளாறு என்றால் கூரியரில் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

ஓரிடத்தில் நின்றால் தூணுக்குப் பின்னால் இருப்பது தெரியாது. ஆகவே இருபத்திரண்டு இடத்தில் பெட்டியை வைத்தோம். இருபத்திரண்டு புள்ளி மேகம். ஒவ்வொன்றுக்கும் தான் நின்ற இடமே உலகத்தின் நடு. மூன்று திசையில் நகர்த்தி, மூன்று அச்சில் திருப்பி, ஒன்றோடு ஒன்றைப் பொருத்த வேண்டும். அதற்கு இரண்டு மேகத்திலும் தெரிகிற மூன்று குறியாவது வேண்டும். மூன்றும் ஒரே கோட்டில் இருந்தால் மேகம் கீல் போட்ட கதவு மாதிரி அந்தக் கோட்டைச் சுற்றி ஆடும்.

"குறியெல்லாம் எதுக்கு சார், சாஃப்ட்வேரே சேர்த்துக்கும்" என்றார் எங்கள் இளம் பொறியாளர்.

சேர்த்தது. 1992-இல் பெஸ்ல், மெக்கே என்ற இருவர் எழுதிய வழி: இந்த மேகத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் அந்த மேகத்தில் எது பக்கத்தில் இருக்கிறதோ அதைப் பார்த்து இழு, மறுபடி பார், மறுபடி இழு. மலையும் முகமும் இதற்குச் சரிவரும். ஒரே அச்சில் வார்த்த மாதிரி நூறு தூண் நிற்கிற இடத்தில், பக்கத்தில் இருப்பது பக்கத்துத் தூண். பிழை 3 மில்லிமீட்டர் என்று பச்சை டிக் விழுந்தது. எனக்கும் சந்தோஷம்தான். பழைய பழக்கத்தில் விரல்விட்டு எண்ணினேன். பத்து வரிசை பதினொன்றாகியிருந்தது. நூற்றுக்கால் மண்டபம் நூற்றுப்பத்துக்கால் மண்டபம். கும்பாபிஷேகம்கூட இல்லாமல் ஒரு வரிசைத் தூணை நட்டிருந்தோம், 3 மில்லிமீட்டர் துல்லியத்தில். அந்தக் காலத்தில் நாங்களும் தப்பு செய்தோம். ஆனால் தூணை எண்ணத் தவறியதில்லை.

மறுநாள் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தாள்களை ஒட்டி, வெள்ளைப் பந்துகளை வைத்து மறுபடி ஆரம்பித்தோம். பந்து 145 மில்லிமீட்டர் விட்டம். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் மையம் ஒன்றே. மாலையில் கணினியில் ஒரு பந்து மட்டும் சிவப்பு. 118 மில்லிமீட்டர் விலகல். பொறியாளர் பெட்டியைச் சந்தேகித்தார். நான் பிரகாரம் பெருக்கும் அம்மாவைக் கேட்டேன்.

"பந்தா? எடுத்து வச்சிட்டுப் பெருக்கினேன் சார். இருந்த எடத்துலயே திரும்ப வச்சிட்டேனே!"

அந்தப் பந்தைக் கணக்கிலிருந்து நீக்கினோம். மிச்சம் நாலு பந்து இருந்தன. எல்லாம் 2 மில்லிமீட்டருக்குள் வந்து உட்கார்ந்தன. நாலாவது எதற்கு என்று அந்தத் தம்பி கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

கிளம்பும் முன் கிழக்கு மூலைக்குப் போய்ச் சுண்ணாம்பைச் சுரண்டினேன். அண்ணனின் கூட்டல் குறி இருந்தது. வடமேற்கில் இன்னொன்று. பழைய ஃபீல்டு புக்கில் இரண்டுக்கும் நடுவே 48.22 மீட்டர். மேகத்தில் 48.26. துணி டேப் நாள்பட நீளும், நீண்ட டேப் குறைத்துக் காட்டும். அந்த 4 சென்டிமீட்டர் டேப்பினுடையது, அண்ணனுடையது அல்ல.