அடிதேடிய வண்டியும் முடிதேடிய வண்டியும்: ரமணாசிரமப் பகுதியின் அன்றாட மிதிப்புக்கு உரிய மலைமிதிவண்டி குறித்து ஓர் ஆய்வு

ரமணாசிரமப் பகுதி என்று இக்கட்டுரை குறிப்பது, திருவண்ணாமலையின் செங்கம் சாலையில் அக்கினி லிங்கத்துக்கும் யம லிங்கத்துக்கும் இடைப்பட்ட சாலைத் துண்டும், அதையொட்டி விரியும் குடியிருப்புத் தெருக்களும் ஆகும். தீக்கடவுளுக்கும் காலனுக்கும் நடுவே நாள்தோறும் மிதிக்க வேண்டியவர் எவ்வகை மலைமிதிவண்டியைக் கொள்ள வேண்டும் என்ற வினா பஞ்சர் கடை வாசலில் நின்றபடி தீர்த்துவிடக் கூடியதன்று. இலக்கணம் வகுத்து, பிறர் கொள்கையை முதலில் நிறுத்தி, மறுத்து, பின்னர்த் தன் கொள்கையை நாட்டும் முறையில் விசாரிக்கத் தக்கது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என இரண்டாகப் பகுத்த முறை இதற்குப் பொருந்தும். அம்முறை சைக்கிளுக்கு ஆகாது என்று அவர் எங்கும் விலக்கவில்லை.

முதலில் இலக்கணம். கடை வழக்கில் ‘எம்.டி.பி.’ எனப்படும் மலைமிதிவண்டிகளுள், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் தனித்தனியே அதிர்வுதாங்கி அமைந்தவையே இங்கு ஆராயப்படுகின்றன. சக்கரம் மேடு ஒன்றில் மோதுகையில் சட்டத்தை நோக்கி எவ்வளவு தூரம் அமுங்கி மேலேற முடியுமோ அத்தூரம் ‘டிராவல்’ எனப்படும்; அது மில்லிமீட்டரில் அளக்கப்படும். ஏறத்தாழ 120 முதல் 150 வரை டிராவல் உள்ளது ட்ரெயில். 150 முதல் 180 வரை உள்ளது எண்டுரோ. சரியாக 150இல் நிற்கும் வண்டி எக்குலத்தது என்பதில் அறிந்தோர் வேறுபடுவர். விற்பவர் மட்டும் வேறுபடமாட்டார், கேட்பவரின் முகத்தைப் பார்த்து உடனே சொல்லிவிடுவார். இரண்டாவது அடையாளம் தலைக்குழாய்க் கோணம், அதாவது கைப்பிடியைத் தாங்கும் குழாய் தரையோடு கொள்ளும் சாய்வு. ட்ரெயிலில் அது 65 முதல் 67 பாகை வரையும், எண்டுரோவில் 63 முதல் 65 பாகை வரையும் இருப்பது வழக்கம். பாகை குறையக் குறைய முன்சக்கரம் ஓட்டுபவரை விட்டு முன்னே தள்ளிப் போகும். அதன் விளைவு பின்னர்க் காணப்படும்.

இவ்வண்டிகளின் தோற்றம் இறக்கத்தில் நிகழ்ந்தது. 1976 அக்டோபர் 21 அன்று கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்தில், ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு அருகே, பழைய தடித்த சக்கர சைக்கிள்களில் சிலர் மலைச்சரிவில் பந்தயமாக இறங்கினர். பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக் கொதித்துப் புகைய, உள்ளிருந்த கிரீஸ் உருகி ஒழுகிப் போக, ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் புதிதாக கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தது. அப்பந்தயத்தை ‘ரீபேக்’ என்று இன்றும் அழைப்பது இதனால்தான். பின்னர் ஏற்றத்தை முதன்மையாகக் கொண்ட கிராஸ் கன்ட்ரி வகை வளர்ந்து 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. எண்டுரோ என்ற பந்தய முறைக்கு உலகத் தொடர் அமைந்தது 2013இல், இத்தாலியின் புன்டா ஆலாவில். அதன் விதி நுட்பமானது: ஏற்றத்தையும் பெரும்பாலும் சொந்தக் காலால் மிதித்தே ஏற வேண்டும், ஆனால் கடிகாரம் பெரிதும் இறக்கத்தில்தான் ஓடும்.

இப்பகுப்பு கடல் கடந்து வந்ததாகத் தோன்றினும், இதற்குரிய முன்மாதிரி திருவண்ணாமலையில் தொன்றுதொட்டே உள்ளது. தலபுராணத்தின்படி, சிவனின் அடி காணப் பன்றியாய் நிலத்தை அகழ்ந்து இறங்கினார் திருமால். முடி காண அன்னமாய் மேலே பறந்தார் பிரமன். கிராஸ் கன்ட்ரி வண்டி அன்னத்தின் மரபினது என்பதிலும், எண்டுரோ பன்றியின் மரபினது என்பதிலும் ஐயமில்லை. ட்ரெயிலோ இரண்டையும் ஓரளவு செய்து இரண்டிலும் புகழ் பெறாத இடைநிலையினது. பிரமனுக்காகப் பொய்ச்சான்று சொன்ன தாழம்பூவின் இடத்தை இக்காலத்தில் வகிப்பது வண்ணக் கையேடு: அதில் உள்ள வண்டி பாறை மீதிருந்து காற்றில் தாவியபடியே காணப்படும், கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு திரும்புவதாக ஒருபோதும் காணப்படாது.

இருவரும் தோற்ற இடத்தில் ஊர் கண்ட வழி மூன்றாவது. ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம், சுற்றிவந்தால் போதும் என்பதே அது. நகரின் தரை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 170 மீட்டர் உயரத்திலும் மலையுச்சி 814 மீட்டரிலும் இருக்க, 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை இவற்றுக்கிடையிலான 640 மீட்டரைச் சற்றும் பொருட்படுத்தாமல் அடிவாரத்திலேயே கிடக்கிறது. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் எனப் பல லட்ச ரூபாய் செலவிட்டுச் செய்யப்பட்ட பொறி, உலகில் மலையைச் சுற்றுவதையே தலையாய பயன்பாடாகக் கொண்ட ஓர் ஊருக்குள் வந்து நிற்கும்போது எழும் சிக்கலே இவ்வாய்வின் கரு.

மலையே இருக்கிறதே என்று ஒரு சாரார் வினவலாம். இருக்கிறது; ஆனால் மரபின்படி அம்மலையே இலிங்கம், அதன் மீது டயர் ஏற்றுவது பற்றிய பேச்சுக்கே இடமில்லை. ஆசிரமத்தின் பின்வாசலிலிருந்து ஸ்கந்தாசிரமத்துக்குக் கல் பாவிய பாதை ஒன்று ஏறுகிறது. 1916 முதல் 1922 வரை ரமணர் வாழ்ந்த அவ்விடத்திலிருந்து படிகள் விருபாட்ச குகைக்கு இறங்குகின்றன. எண்டுரோ ஓட்டுபவரின் கண் அப்படிகளில் நிலைப்பது இயல்பே என்றாலும், அவற்றில் வெறுங்காலோடு நடப்பவரின் கண் எண்டுரோ மீது நிலைக்கும் விதத்தை எண்ணி, இவ்வாய்வு அப்பாதையை விட்டு விலகுகிறது.

இனிப் பரபக்கம். எண்டுரோ வாதி கூறுவன இரண்டு. ஒன்று, பெரிய பாறையைத் தாங்குவது சிறிய பள்ளத்தைத் தாங்காதா என்னும் நியாயம். மற்றது, வெள்ளைக் கோடு அழிந்துபோன வேகத்தடை. இரண்டாவது வாதம் வலியது. இருட்டில் திடீரென முளைக்கும் வேகத்தடையைச் சந்தித்தவர் எவரும் 170 மில்லிமீட்டரை மிகையென்று சொல்லத் துணியார். ஆயினும் அதிர்வுதாங்கியின் இயல்பை நோக்குவார்க்கு இவ்வாதம் தளரும். ஓட்டுபவர் ஏறி அமர்ந்ததுமே பின்புற டிராவலில் 25 முதல் 30 விழுக்காடு அமுங்கி நிற்குமாறு காற்றழுத்தம் வைக்கப்படுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி வேகமாக வந்து பாறையில் அறைந்தால்தான் பயன்படும். கீரைக்கட்டோடு பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் வருபவருக்கு அது வங்கியில் போட்டு எடுக்க முடியாத பணம். எடுக்க முடியாததோடு வட்டியும் கட்ட வேண்டும்: சமதளத்தில் ஒவ்வொரு மிதிக்கும் உடலின் எடை மேலும் கீழும் அசைய, பின்புறம் அமுங்கி எழும், காலின் உழைப்பில் ஒரு பங்கு சாலைக்குச் செல்லாமல் எண்ணெயைச் சூடாக்குவதில் கழியும். இதைத் தடுக்க ஒரு நெம்புகோல் உண்டு. அதைத் திருப்பினால் அதிர்வுதாங்கி இறுகிவிடும். அதாவது கூடுதல் விலை கொடுத்து வாங்கிய உறுப்பை வேலை செய்யாமல் நிறுத்திவைக்க, அதனோடு இன்னோர் உறுப்பும் விலைக்கு வந்திருக்கிறது.

கோணத்தின் விளைவு இதனினும் கொடியது. கிரிவலத்தை நிறைமாதச் சூலியான அரசி நடப்பதுபோல் மெல்லச் செய்ய வேண்டும் என்பது வழக்கு. பகுதியின் போக்குவரத்து முழுவதும், ஆட்டோ நீங்கலாக, அவ்வழக்கை ஏதோ ஒரு வகையில் பின்பற்றுகிறது. சாலை நடுவே படுத்திருக்கும் பசு, அதைச் சுற்றிப் போகும் சாதுக்கள், இளநீர் வண்டி, திடீரென நின்று கோபுரத்தைப் படமெடுக்கும் வெளிநாட்டவர் ஆகியோருக்கிடையே நடை வேகத்தில் வளைய வேண்டியிருக்க, 63 பாகைச் சாய்வுள்ள முன்சக்கரமோ மெதுவாகத் திருப்பினால் தானே ஒருபக்கம் சரிந்து விழப் பார்க்கும். நீண்ட வண்டி வளைவதற்கும் இடம் கேட்கும். செங்குத்துச் சரிவில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் அசையாது நிற்கும் அதே வண்டி, பசுவுக்கு முன் தள்ளாடுகிறது. செங்குத்தான ஏற்றத்தில் உடலை முன்னே வைக்கவென நிமிர்த்தப்பட்ட சீட்டுக் குழாய், சமதளத்தில் உடலின் பாரத்தை உள்ளங்கையில் இறக்குவதையும் சேர்த்துக் கூறலாம். எண்டுரோ இவ்வாறு மறுக்கப்பட்டது.

ட்ரெயில் வாதியின் கொள்கை பெரிதும் ஏற்கத் தக்கது. எடையில் சுமார் இரண்டு கிலோ குறைவு, டயரின் ரப்பர் சற்றுக் கடினமாதலால் தாரில் உறுமல் குறைவு, தேய்வும் குறைவு, திருப்பினால் திரும்பும். சனிக்கிழமைகளில் ஜவ்வாது மலைக்குப் போய் ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள மண்பாதைகளில் இறங்கவும் அதற்குத் தகுதி உண்டு. எண்டுரோ வாதி தன் வண்டியை வாங்குவதற்குச் சொல்லும் காரணமும் அதே சனிக்கிழமைதான், எஞ்சிய ஆறு நாளைப் பற்றி அவர் பேசுவதில்லை. இரண்டு லிட்டர் பாலின் எடை குறைந்ததே என்று ட்ரெயில் வாதி மகிழ்வதை மட்டும் இவ்வாய்வு ஏற்கவில்லை. அந்தப் பாலை வைக்கக் கேரியர் இல்லை.

இவ்விடத்தில் புறச்சமயி ஒருவர் குறுக்கிடுகிறார். அவரிடம் இருப்பது கேரியரும் ஸ்டாண்டும் மணியும் மட்கார்டும் கொண்ட கறுப்பு ஹெர்குலிஸ். 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் அம்பத்தூரில் செய்து அனுப்பிய குலத்தைச் சேர்ந்தது. டிராவல் பூஜ்யம். பின்னால் பால் கேன், முன்னால் பேரப்பிள்ளை என இருவேறு சுமைகளோடு அவர் வேகத்தடையைக் குறுக்கே சாய்வாக ஏறி இறங்கி, விவாதித்துக்கொண்டிருக்கும் இரு வாதிகளையும் கடந்து போகிறார். அவருடைய கொள்கை, மலைமிதிவண்டி என்ற பொருளையே ஒப்புக்கொள்ளாததாகலின், இவ்வாய்வின் வரம்புக்கு வெளியே நிறுத்தப்படுகிறது. மறுக்க முடியவில்லை என்று எவரேனும் சொன்னால் அது வேறு.

சுபக்கம் வருமாறு. அன்றாட மிதிப்புக்கு ட்ரெயிலே கொள்க. அதிலும் 130 மில்லிமீட்டருக்கு மேற்படாததைக் கொள்க. உண்மையில் இப்பகுதியில் வண்டியைத் தோற்கடிப்பது பள்ளம் அன்று, சீமைக் கருவேல முள். டியூப் இல்லாத டயருக்குள் ஊற்றப்படும் பால் போன்ற திரவம் முள் துளைத்த இடத்தை உடனே அடைத்துவிடும். ஆனால் கோடையில் அது சில மாதங்களில் வற்றி ரப்பர் தோலாய் ஒட்டிக்கொள்ளும் என்பதால், சித்திரைக்கு முன் ஒருமுறையும் கார்த்திகை தீபத்துக்கு முன் ஒருமுறையும் ஊற்றிவைத்தல் நலம். முன் ஃபோர்க்கின் அடிக்கால்களைச் சுமார் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கழற்றி எண்ணெய் மாற்ற வேண்டும் என்று செய்வோர் விதிக்கின்றனர். அன்றாடம் மிதிப்பவருக்கு இது சில வாரங்களில் வந்துவிடும். அவ்வேலை அறிந்தோரைப் பெரும்பாலும் சென்னையிலோ பெங்களூருவிலோ தேட வேண்டியிருக்கும். இரண்டும் ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர். டிராவல் கூடக்கூட இக்கவலையும் கூடும்.

ஒரே ஓர் உறுப்பு மட்டும் இரு வகையிலும் ஐயமறப் போற்றத் தக்கது. ‘டிராப்பர்’ எனப்படும் இறங்கு சீட்டு, கைப்பிடியிலுள்ள பொத்தானை அழுத்திச் சீட்டின் மீது அமர்ந்தால் கீழே இறங்கும், எழுந்து மீண்டும் அழுத்தினால் மேலே வரும். செங்குத்துச் சரிவில் உடலைத் தாழ்த்த உண்டாக்கப்பட்ட இது, செங்கம் சாலையில் இரு காலும் தரையில் ஊன்றி வண்டியை விட்டு இறங்காமலே தேநீர் அருந்த உதவுகிறது. ஒரே வண்டியை நெட்டையான கணவரும் குட்டையான மனைவியும் ஸ்பேனர் தேடாமல் மாறிமாறி ஓட்டவும் உதவுகிறது.

திசை பற்றி ஒரு சொல். வலமாகச் சுற்றுபவருக்கு மலை எப்போதும் வலப்பக்கம். சைக்கிளின் சங்கிலியும் கியரும் அமைந்திருப்பதும் வலப்பக்கமே. சாலை விதி இடப்புறம் செல்லச் சொல்கிறது. மலையோரம் சித்தர்கள் உலவும் இடம், மனிதர் இடப்புறமே ஒதுங்குக என்று மரபும் சொல்கிறது. ஆகவே விழ நேர்ந்தால் இடப்பக்கமாக விழுதல் மூன்று சாத்திரங்களுக்கும் உடன்பாடு: கியர் வளையாது, சித்தருக்கு இடையூறில்லை, போலீஸ்காரரும் குறை கூறார். பௌர்ணமியன்று இவ்விதி செல்லாது. அன்று பாதையில் வாகனங்களுக்கு அனுமதியில்லை, லட்சக்கணக்கானோர் நடக்கும் வழியில் விழுவதற்கு இடமும் இல்லை.

எஞ்சுவது நிறுத்துமுறை. பின்சக்கரத்தோடு சட்டத்தின் பின்பாகமும் அசைவதால் இவ்வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஸ்டாண்ட் பொருத்த இயலாது. ஆகவே வண்டி வாங்குபவர் சுவர் ஒன்றையும் உடன் கருத வேண்டும். பகுதியில் சுவர்கள் மிகுதி. அவற்றுள் குரங்கு அமராத சுவரில் சீட்டுக்கடியில் தொங்கும் பையோடு சாய்த்துவைக்கலாம். குரங்கு அமர்ந்த சுவரில் பையைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு சாய்த்துவைக்கலாம். ‘இங்கே வண்டி நிறுத்தாதீர்’ என்று எழுதிய சுவரில், அருகே ஏற்கெனவே நிற்கும் வண்டிகளின் எண்ணிக்கையை நோக்கி முடிவு செய்யலாம்.