காம்புக்குப் போன கதை

லண்டனில் இருக்கும் மருமகனுக்கு என்னையும் மனுசியையும் ஆப்பிரிக்காவுக்குக் கூட்டிப்போக ஆசை. கென்யாவில் மாசாய் மாரா என்று ஒரு புல்வெளி, அதன் நடுவே ஒரு கூடாரம், கூடாரத்துக்குள் குளியல் தொட்டி, தொட்டிக்குள் கிடந்தபடியே ஒட்டகச்சிவிங்கி பார்க்கலாம் என்று படம் படமாக அனுப்பினார். நான் பேசாலைக்காரன். மன்னார்த் தீவில் பிறந்தவனிடம் ஆப்பிரிக்காவைக் காட்டி ஆசை மூட்ட முடியாது. பள்ளிமுனையில் நிற்கிற பெருக்க மரம் ஆப்பிரிக்க மரம்; அராபிய வியாபாரிகள் கொண்டுவந்து நட்டதாகச் சொல்வார்கள். மன்னார் டவுனில் பஸ்ஸை மறித்துக்கொண்டு நிற்கிற கழுதைகளின் பூர்வீகமும் அந்தப் பக்கம்தான். மாரி தொடங்கினால் வங்காலைக் களப்பில் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக இறங்கும். அவற்றின் உறவுக்காரரைப் பார்க்கத்தான் உலகம் கென்யாவின் நக்குரு ஏரிக்குப் போய்க் காசைக் கொட்டுகிறது.

"இவ்வளவையும் பஸ் காசில பாக்கிறவனுக்கு ஏன் தம்பி பிளேன் டிக்கட்?" என்றேன்.

மருமகன் விடுகிற ஆள் இல்லை. விசா, தடுப்பூசி, மனுசியின் முழங்கால் என்று ஒவ்வொன்றாகக் குறுக்கே வந்த பிறகு, கென்யா சுருங்கி வில்பத்து ஆனது. வில்பத்துக் காட்டோரத்திலும் அதே ஆப்பிரிக்கப் பாணியில் கூடாரங்கள் போட்டிருக்கிறார்களாம். சஃபாரி காம்ப்.

விசயத்தை அம்மாவிடம் சொன்னேன். எண்பதைத் தாண்டியவர். "காம்புக்கா? என்னடா செய்த நீ?" என்று பதறிப்போனார். அவருக்குத் தெரிந்த காம்ப் இரண்டுதான்: ஆமிக் காம்ப், அகதிக் காம்ப். முதலாவதுக்குப் பிடித்துக்கொண்டு போவார்கள். இரண்டாவதுக்கு நாங்களாக ஓடிப்போவோம். மூன்றாவதாக ஒரு வகை உண்டு, அதற்குக் காசு கட்டிப் போக வேண்டும் என்று விளங்கப்படுத்த எனக்கு ஒரு பின்னேரம் முழுக்கப் போனது. விளங்கியதும், "காசு குடுத்தா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுச் செபமாலையைக் கையில் எடுத்தார்.

மனுசி எதுவும் கேட்கவில்லை. அவள் கூடாரம் கண்டவள். முருங்கன் பக்கத்து வயற்காரக் குடும்பம். 1990இல் சண்டை மறுபடி மூண்டபோது, ஐ.நா. அகதிகள் ஆணையம் மடுவிலும் எங்கள் பேசாலையிலும் திறந்த நிவாரண நிலையங்களை நடத்தியது. பேசாலைக்கு ஓடிவந்தவர்களில் அவள் குடும்பமும் ஒன்று. நான் அப்போதுதான் வாத்தியார் வேலைக்குச் சேர்ந்தவன். அங்கிருந்த பிள்ளைகளுக்கு மரநிழலில் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போவேன். கணக்கோடு வேறு சில காரியங்களும் நடந்தன. எங்கள் கல்யாணப் பேச்சே ஒரு தறப்பாளின் கீழ்தான் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் தலை குனிந்து தன் வாசலுக்குள் வந்தார்கள் என்று மாமனார் கடைசிவரை பெருமையடிப்பார். நிமிர்ந்து வர அந்தக் கூடாரத்தில் உயரம் இல்லை என்பதை மட்டும் சொல்லமாட்டார்.

காட்டுக்குள் சொகுசாகக் கூடாரம் அடிக்கும் கலைக்கு வேறு குலமுதல்வர்கள் உண்டு. தியோடர் ரூஸ்வெல்ட் அமெரிக்க ஜனாதிபதிப் பதவியை விட்டிறங்கிய கையோடு 1909இல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போனார். சாமான் தூக்க இருநூறுக்கு மேற்பட்ட ஆட்கள். பன்றித்தோல் அட்டை போட்ட புத்தகங்களாக ஒரு சிறு நூலகம் வேறு. அவரும் மகனும் சேர்ந்து 512 விலங்குகளைச் சுட்டதாக அவரே கணக்கு எழுதிவைத்தார். இன்றைக்குத் துவக்கை மட்டும் கீழே வைத்துவிட்டுக் கமராவைத் தூக்கியிருக்கிறார்கள். கூடாரம், மேசைவிரிப்பு, மதுக்கிண்ணம் எல்லாம் அப்படியே இருக்கின்றன.

எங்கள் கரையும் இந்த வித்தையில் பின்தங்கியதில்லை. கவர்னர் பிரெடரிக் நோர்த் முத்துக்குளிப்பைப் பார்த்து ரசிக்க 1800களின் தொடக்கத்தில் அரிப்பில் ஒரு மாளிகையே கட்டினார். அதைக் கடல் துண்டு துண்டாகத் தின்றுகொண்டிருக்கிறது. மிஞ்சிய சுவர்களை ஊர்ச்சனம் அல்லிராணிக் கோட்டை என்று சொல்லி, வெள்ளைக்காரக் கவர்னரிடமிருந்து வீட்டைப் பறித்து ஒரு தமிழ் ராணிக்கு எழுதிவைத்துவிட்டது. அரிப்புக்குத் தெற்கே, இன்றைய வில்பத்தின் வாசலில், மரிச்சுக்கட்டி. முத்துக்குளிப்புக் காலத்தில் அந்த வெறும் மணலில் ஓலைக் கொட்டில்களால் ஒரு நகரமே எழும்பும். ஆயிரக்கணக்கில் சனம், கச்சேரி, ஆஸ்பத்திரி, பொலிஸ். குளிப்பு முடிந்ததும் நகரம் மறைந்துவிடும். பிற்காலத்தில் எழுத்தாளராகப் பேர் எடுத்த லெனார்ட் வுல்ஃப் 1906இல் அங்கே அரசாங்க உத்தியோகத்தில் நின்றார். சிப்பியை அழுக விட்டுத்தான் முத்தெடுப்பார்கள். அந்த நாற்றத்திலும் இலையானிலும் நின்று வேலைபார்த்தவரோடு ஒப்பிட்டால் நாங்கள் போனது சொர்க்கம்தான்.

சொர்க்கத்துக்கு வழி மதவாச்சி. மன்னாரிலிருந்து ஏ-14 வீதியில் மதவாச்சி, அங்கிருந்து அநுராதபுரம், நொச்சியாகம, ஹுனுவிலகம. சண்டைக் காலத்தில் மதவாச்சிச் சோதனைச் சாவடியில் பையைக் கொட்டி, சட்டைப் பொத்தானைக் கழற்றி, வெயிலில் வரிசையில் நின்றவர்களுக்கு இப்போதும் அந்த இடத்தைத் தாண்டும்போது கை தன்னால் அடையாள அட்டையைத் தேடும். என் கையும் தேடியது. வாகனத்தை மறிக்க அங்கே ஒருவரும் இல்லை.

கூடாரத்தைப் பார்த்ததும் மனுசி வாசலில் நின்றுவிட்டாள். உள்ளே தேக்குக் கட்டில், வெள்ளை விரிப்பு, விரிப்பின் மேல் துவாயை முறுக்கிச் செய்த யானை. பின்பக்கம் திறந்தவெளிக் குளியலறை: தண்ணீருக்கு மேலே வானம், கீழே கூழாங்கல். செம்புக் கிண்ணத்தில் தாமரைப்பூ. மேசையில் எழுதுவதற்குத் தாளும் பேனையும். ரூஸ்வெல்ட் வந்தால் தேவைப்படும். மருமகன் நாங்கள் வாயைப் பிளப்போம் என்று கமராவோடு காத்து நின்றார்.

மனுசி கட்டிலைப் பார்க்கவில்லை. கூடாரத்தைச் சுற்றி வந்தாள். கயிற்றை இழுத்துப் பார்த்தாள். முளையைக் காலால் தட்டினாள். பிறகு மனேஜர் பொடியனிடம், "மழை பெய்தா தண்ணி ஓட வாய்க்கால் எங்க வெட்டியிருக்கு?" என்று கேட்டாள். தமிழ் கொஞ்சம் தெரிந்த அந்தச் சிங்களப் பொடியன், இப்படி ஒரு கேள்வியை எந்த வெள்ளைக்காரியும் கேட்டதில்லை என்று சொல்லிச் சிரித்தான். பலகைத் தளம் நிலத்துக்கு மேலே உயர்த்திப் போட்டிருக்கிறது, தண்ணீர் கீழால் போய்விடும் என்றான். அவள் குனிந்து பலகைக்குக் கீழே பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டாள்.

"இது கூடாரமில்லை," என்று என்னிடம் தீர்ப்புச் சொன்னாள். "துணியால கட்டின வீடு. கூடாரம் எண்டா காத்தடிக்கேக்க ஆளுக்கொரு மூலையைப் பிடிச்சுக்கொண்டு குந்தியிருக்கணும்."

மனேஜர் பொடியன் அடுத்து விதிமுறைகளை ஒப்பித்தான். இருட்டினால் தனியாக வெளியே வரக் கூடாது. வர வேண்டுமென்றால் டோர்ச் அடித்துக் காட்ட வேண்டும். காவல்காரர் வந்து கூட்டிப்போவார். சத்தம் போடக் கூடாது. மருமகனுக்கு மயிர் கூச்செறிந்தது. "என்ன அட்வென்ச்சர் மாமா!" என்றார். என் வாலிபம் முழுக்க இதே விதிமுறையில்தான் போனது. நாங்கள் அதை ஊரடங்கு என்று சொல்லிக்கொண்டிருந்தோம். ஒரு வித்தியாசம், அந்த நாளில் டோர்ச் அடித்தால் வருகிறவர் வேறு மாதிரி வருவார்.

இரவுச் சாப்பாடு வெட்டவெளியில், லாந்தர் வெளிச்சத்தில், நெருப்புக்குப் பக்கத்தில். சமையற்காரர் ஒரு முழுப் பாரை மீனைத் தணலில் சுட்டுத் தட்டோடு கொண்டுவந்து, "கடலிலிருந்து இன்றைக்கு வந்தது" என்று அறிமுகம் செய்துவைத்தார். பேசாலைக்கு வாழ வந்த வயற்காரி, இத்தனை வருசத்தில் எங்கள் துறையில் சம்மாட்டிமாரோடு நேருக்கு நேர் நின்று விலை பேசும் அளவுக்கு வளர்ந்துவிட்டாள். தட்டை மெல்லத் திருப்பினாள். முள்ளந்தண்டோரம் கரண்டியால் ஒரு கிண்டு. முகம் மாறவில்லை. "நல்லாயிருக்கு தம்பி" என்று சொன்னாள். அவர் போன பிறகு, "நாலு நாள் ஐசில கிடந்த மீன்" என்றாள். பிறகு பருப்பையும் சோற்றையும் பிசைந்து சாப்பிட்டாள். என்ன விலை கொடுத்தும் காட்டுக்குள் கடல் மீன் கேட்பது வீண் என்பது என் முடிவு. கோழி நன்றாக இருந்தது.

படுத்தபின் காட்டுச் சத்தம். இராப்பாடிக் குருவி, தவளை, எங்கோ கிளை முறிகிற ஓசை. மருமகன் பக்கத்துக் கூடாரத்திலிருந்து, "மாமா, யானையா?" என்று செய்தி அனுப்பினார். மனுசி நன்றாக நித்திரை. அடைத்த கூடாரத்தில் நித்திரை கொள்ள அவளுக்குப் பழக்கம் உண்டு, எனக்குத்தான் இல்லை. சிலாவத்துறைப் பக்கம் அப்பாவோடு வாடியில் படுத்திருக்கிறேன், அங்கே ஓலைக்குள்ளால் கடல் தெரியும். இங்கே சிப்பை இழுத்து மூடினால் ஒன்றும் தெரியாது.

விடியற்காலை தேநீரும் பிஸ்கட்டும் தந்து ஜீப்பில் ஏற்றினார்கள். வாசலில் மருமகனிடம் வெளிநாட்டுக்காரர் கட்டணம் கேட்டார்கள். "நான் தமிழன்" என்று அவர் ஆங்கிலத்தில் வாதாடினார். கடவுச்சீட்டு பிரிட்டிஷ். தோற்றுப்போனார்.

வில்பத்து 1,317 சதுர கிலோமீட்டர். 1938இல் தேசியப் பூங்கா ஆனது. 1988 கடைசியில் சண்டையால் மூடி, 2003இல் திறந்தார்கள். 2006 மே மாதம் உள்ளே கண்ணிவெடியில் ஒரு வாகனம் சிக்கி, நாவலாசிரியர் நிஹால் டி சில்வா உட்பட அதில் போனவர்கள் இறந்தார்கள். மறுபடி மூடி, 2010இல்தான் திறந்தது. காட்டுக்கு நடுவே மழைநீர் தேங்கும் வில்லுகள், அவற்றைச் சுற்றி வெள்ளை மணல். யானை, கரடி, மான், முதலை எல்லாம் உண்டு. சிங்கம் இல்லை, வரிப்புலியும் இல்லை. இரண்டையும் நாங்கள் கொடியில்தான் கண்டோம். இருப்பது சிறுத்தை. சிங்களத்தில் புலிக்குக் கொட்டியா என்று பேர்; பேச்சுவழக்கில் சிறுத்தையையும் கொட்டியா என்றே சொல்வார்கள்.

கும்புக் வில தாண்டி ஒரு வளைவில் ஜீப் நின்றது. மணல் பாதைக்கு நடுவே, வெயில் காய்ந்துகொண்டு, முழு நீளத்துக்குப் படுத்திருந்தது. எங்களைப் பார்த்தது; மதிக்கவில்லை. கொட்டாவி விட்டது. சாரதி சத்தம் போடாமல் பின்னால் திரும்பினார். கண்ணை என் கண்ணில் வைத்து, தாழ்ந்த குரலில் கேட்டார்: "கொட்டியா தெக்கத?"

சிங்களத்தில் இந்தக் கேள்வியை என் வாழ்க்கையில் எத்தனை பேர் என்னிடம் கேட்டிருப்பார்கள்! தலைமன்னார் வீதியில், தள்ளாடியில், மதவாச்சியில், ஒருமுறை பள்ளிக்கூட வகுப்பறைக்குள்ளேயே. யோசிக்க நேரமிருக்கவில்லை. வாய் தன்பாட்டில் பதில் சொன்னது:

"நே மாத்தயா. மம தெக்கே நே." இல்லை ஐயா, நான் காணவே இல்லை.

சாரதி குழம்பிப்போய், விரலை நீட்டி இன்னொரு தரம் காட்டினார். நான் எதிர்ப்பக்கம் திரும்பி ஒரு மரத்தைப் பார்த்தேன்.

"முன்னாலதானே கிடக்குது! ஏன் இல்லை எண்டுறீங்க?" என்று மனுசி காதுக்குள் கேட்டாள்.

"ஓம் எண்டு சொன்னா, பிறகு எந்தப் பக்கம் போனது, எத்தனை பேர், சோறு குடுத்தியா எண்டு கேப்பாங்கள்" என்றேன்.

மனுசி சிரிக்கத் தொடங்கினாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணீர் வரும்வரை சிரித்தாள். அந்தச் சிரிப்பில் சிறுத்தை எழுந்து, ஒருமுறை எங்களைத் திரும்பிப் பார்த்து, பற்றைக்குள் போய்விட்டது. மருமகனின் படத்தில் வால் மட்டும் விழுந்திருக்கிறது. இந்தச் சிரிப்பு எதற்கென்று அவருக்கு விளங்கவில்லை. அவர் லண்டனில் பிறந்தவர். மகள் பிறகு விளங்கப்படுத்தியிருப்பாள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் வீடு வந்த பிறகு கொஞ்ச நேரம் என்னிடம் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டார்.

வாடகை எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. மனுசி எப்படியோ கண்டுபிடித்துவிட்டாள். அந்தக் காசுக்கு நிவாரண நிலையத்தில் இருந்த எல்லோருக்கும் எத்தனை நாள் பால்மா கொடுத்திருக்கலாம் என்று திரும்பி வரும் வழியில் செட்டிகுளம் வரைக்கும் கணக்குப் போட்டாள். கணக்கு வாத்தியார் நான், குறுக்கே பேசவில்லை.

போக விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காடு காய்ந்திருக்கும் மாதங்களில் போங்கள். வில்லுகளில் தண்ணீர் வற்ற வற்ற மிருகங்கள் கரைக்கு வரும். காட்டுக்குள் மீன் கேட்காதீர்கள். மீன் வேண்டுமென்றால் கொழும்புக் கோட்டையில் தலைமன்னார் ரயில் ஏறிப் பேசாலையில் இறங்குங்கள். எங்கள் வீட்டில் தாமரைப்பூவும் துவாய் யானையும் கிடையாது. ஓட்டு வீடு, கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு, இரவில் எத்தனை மணிக்கும் வெளியே போய்வரலாம்.