கார்டு வாங்குறதுக்கு முன்னால கம்பியப் பாரு பேராண்டி

டெஸ்க்டாப்புக்குப் புது நெட்வொர்க் கார்டு போடப்போறேன், அதுவும் கிகாபிட்டுன்னு குன்னம் கடைத்தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறியாமே பேராண்டி. போடு, நல்லாப் போடு. சாத்தனூர்ல கல்லாப் போன மரம் 12 கோடி வருசத்துப் பழசுன்னு வெளியூர்லேர்ந்தெல்லாம் வந்து பாத்துட்டுப் போறான். உன் சிபியுவையும் அந்த வேலிக்குள்ள எறக்கி வச்சா கூட்டத்துக்குக் கொறைவிருக்காது. நீ என்னடான்னா அதுக்குக் கார்டு மாத்துறேங்கிற.

கோவிச்சுக்காத, ஒண்ணு கேக்குறேன். மாசாமாசம் நீ காசு கட்டுற பிளான் எத்தன எம்பிபிஎஸ்? நாப்பதா? உன் மதர்போர்டுலயே இருக்கிற பழைய போர்ட்டே நூறு தாங்குமேடா! கெணத்துல ஊத்து சுண்டுவெரல் தண்டி. நீ பத்து எச்.பி. மோட்டார் எறக்கினா காத்துதான் வரும். 12,525 ஊராட்சிக்கும் கண்ணாடி இழை போடுறதுக்குன்னே சர்க்கார் ஃபைபர்நெட்டுன்னு ஒரு கம்பெனி வச்சிருக்கு. ஊராட்சிக்கு 1 ஜிபிபிஎஸ்ங்கிறது அவங்க கணக்கு. அது ஊருக்கு. உன் மேசைக்கு வர்றது நீ கட்டுற காசுக்குத்தான்.

அப்ப கார்டே வேண்டாமான்னு மொறைக்காத. வேணுங்கிற எடமும் இருக்கு. கல்யாண வீடியோ எடுக்கிற பய ஒரு கம்ப்யூட்டர்லேர்ந்து இன்னொண்ணுக்கு 10 ஜிபி மாத்துறான்னு வை. நூறுல செகண்டுக்குப் பன்னெண்டரை எம்பிக்கு மேல நகராது. பதிமூணு நிமிசத்துக்கு மேல ஆகும். ரெண்டு பக்கமும் கிகாபிட்டா இருந்து, ஹார்டு டிஸ்க்கும் ஈடுகொடுத்தா, ரெண்டு நிமிசத்துக்குள்ள முடிஞ்சிரும். நடுவுல இருக்கிற சுவிட்சு பழசா இருந்தா அதுவும் வீண்.

இன்னொண்ணு, ஐப்பசி இடி. வயர் வழியா வந்து மதர்போர்டுல இருக்கிற லேன் போர்ட்டைப் பொசுக்கிட்டுப் போயிரும். மத்ததெல்லாம் உசுரோட இருக்கும். அப்ப போர்டையே மாத்தச் சொல்றவன்கிட்ட காசக் குடுக்காத. சில நூறு ரூவாக் கார்டு போதும். பயாஸ்ல போயி செத்த போர்ட்டை அணைச்சு வச்சிரு. அடுத்த தடவ வானம் இடிச்சா வயரக் கழட்டிப் போடு, சோம்பேறி.

வாங்கப் போறதுக்கு முன்னால மூடியத் தொறந்து காடியப் பாரு. பழைய பிசிஐயா, பிசிஐ எக்ஸ்பிரஸான்னு தெரியாம வாங்கிட்டு வந்தீன்னா கார்டு பரண்லதான் கெடக்கும். சிபியு ஒல்லி டப்பாவா இருந்தா குட்டைப் பட்டி இருக்கிற கார்டாக் கேளு. கரண்டைப் புடுங்கிட்டு, டப்பாவோட இரும்பத் தொட்டுட்டு அப்பறம் கார்டைத் தொடு. ஒடம்புல இருக்கிற கரண்டு அதக் கொன்னுரும். மாட்டினதும் டிரைவர் கேக்கும். டிரைவர் எறக்க நெட்டு வேணும், நெட்டு வர டிரைவர் வேணும்! முழிக்காத. போனை யுஎஸ்பி வயர்ல சொருகி, அது நெட்டுல எறக்கிக்க.

கடைசியா கம்பி. நூறு எம்பிபிஎஸ்ஸுக்கு நாலு கம்பி பேசினாப் போதும். ஆயிரத்துக்கு எட்டும் பேசணும். எலி கடிச்சு மிச்ச நாலுல ஒண்ணு அந்திருந்தாலும், பெரும்பாலும் சத்தமில்லாம நூறுக்கு எறங்கிரும். நீ கார்டைத் திட்டுவ, கார்டு உன்னப் பாத்துச் சிரிக்கும். கேட் 5ஈ வயர் போதும். நூறு மீட்டருக்கு மேல இழுக்காத. முனையில கலர் வரிசை ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும்.

அதனால மொதல்ல நல்ல வயரா ஒண்ணு மாத்து. நெட்வொர்க் செட்டிங்ல ஸ்பீடு எவ்வளவு காட்டுதுன்னு பாரு. ஆயிரம்னு காட்டுனா உன்கிட்ட இருக்கிறதே கிகாபிட்டுதான், காசப் பையில வச்சுக்க. நூறே காட்டி, உன் பிளானும் நூறத் தாண்டியிருந்தா, அப்பப் போயி கார்டு வாங்கு.